மூன்றரை மணி முன்பதிவு

என் வீட்டுக்காரருக்கு எங்கள் பக்கத்து உறவுக்காரர்கள் வைத்த பெயர் முன்பதிவு. ஆரம்பித்து வைத்தது என் அண்ணன். கல்யாணம் ஆன புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். இவர் வெள்ளிக்கிழமையே போன் பண்ணி, "நாங்க வர்றது உறுதிதானே மச்சான்?" என்று கேட்டார். சனிக்கிழமை இன்னொரு தடவை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டுக்கே போய், அண்ணன் வீட்டுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் என்னையும் நிற்க வைத்து, ஒன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் போய் மணியை அழுத்தினார். அண்ணி ஜன்னல் வழியாக எங்களை அந்த ஐம்பத்தைந்து நிமிடமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்களாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், பதினான்கு வருஷமாகப் போகவில்லை.

எதையும் முன்கூட்டியே பதிந்து வைத்தால்தான் இவருக்குச் சாப்பாடு இறங்கும். முடி வெட்டிக்கொள்ளப் பதிவு. சினிமாவுக்குப் போனால் கழிவறைக்குப் பக்கத்தில் ஓர நாற்காலி பதிவு. பல் வலிக்காமலேயே பல் டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருக்கும் மனுஷனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அவரோடு குடித்தனம் நடத்துகிறேன். கேட்டால், "வலிக்கும்போது கேட்டா கிடைக்காது" என்பார்.

வேலையும் அதற்கேற்ற வேலைதான். கண் ஆஸ்பத்திரியில் இரண்டாம் நம்பர் ஜன்னல். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, போன் பண்ணுகிறவர்களுக்கு டாக்டரைப் பார்க்க நேரம் கொடுப்பார். நேரம் வாங்காமல் வந்தவர்கள் எதிரே நீள பெஞ்சில் காத்திருப்பார்கள். நேரம் வாங்கியவர் யாராவது வராமல் போனால், பெஞ்சிலிருந்து ஒருவரை உள்ளே அனுப்புவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷட்டரை இறக்க வேண்டும். மிச்சம் இருப்பவர்களிடம் தினமும் ஒரே வாக்கியம்தான்: "சிஸ்டம்ல இடம் இல்லீங்க, நான் என்ன பண்ண முடியும்?" தூக்கத்தில்கூட இதை இவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த பெஞ்சில் இவரும் உட்கார்ந்தவர்தான். பதினைந்து வயதில் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மூன்று நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தார்கள். மூன்று நாளும் இவர்கள் முறை வருவதற்குள் ஷட்டர் இறங்கிவிட்டது. நான்காம் நாள் பார்த்த டாக்டர், "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா வலது கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றாராம். அந்த ஷட்டர் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதே ஆஸ்பத்திரியில் போய் ஏன் வேலைக்குச் சேர்ந்தார் என்று நான் கேட்டதில்லை.

நான் இதற்கு நேர் எதிர். சூப்பர் மார்க்கெட்டில் நாலாம் நம்பர் கவுண்டர். பன்னிரண்டு வருஷமாக என் முன்னால் வரிசை நின்றுகொண்டும் நகர்ந்துகொண்டும் இருக்கிறது. வரிசையின் நீளத்தைப் பார்த்து மலைக்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். தலையை எண்ணக் கூடாது, கூடையைப் பார்க்க வேண்டும். நின்றால் நகரும். இது என் கட்சி. நிற்கவே கூடாது என்பது இவர் கட்சி. எங்கள் பெண் இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போடாமல் பதினோரு வயது வரை சமாளித்துவிட்டாள்.

அவளை வாண்டு என்று கூப்பிடுவோம். வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே மலைப்பாம்பு என்று ஒரு பழைய ரோலர் கோஸ்டர். நூற்று முப்பது சென்டிமீட்டர் உயரம் இருந்தால்தான் ஏற விடுவார்கள். வாசலில் அளவுக்கம்பு நட்டு வைத்திருக்கிறார்கள். வாண்டு மூன்று விரல் குறைவு. மற்ற பிள்ளைகள் எல்லாம் ஏறினார்கள். இவள் கீழே டீச்சரோடு, எல்லாருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து அழவில்லை. "பை எல்லாம் ரொம்ப வெயிட்மா" என்று மட்டும் சொன்னாள். இவர் அதைக் கேட்டுவிட்டு எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் கதவில் அவளை நிறுத்தி, தலைமேல் ஸ்கேலை வைத்து, பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். ஒரு வாரம் கோடு ஏறாவிட்டால் அன்றைக்கு வீட்டில் பேச்சே இருக்காது. அவளுக்குப் பாதி, அவருக்குப் பாதி கவலை என்று நான் கேலி செய்வேன். உண்மையில் முக்கால்வாசி அவருடையதுதான்.

அந்த நேரத்தில்தான் மலைப்பாம்பைப் பிரித்துப்போடப் போவதாக அறிவித்தார்கள். தேதியும் குறித்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை கடைசி ஓட்டம். அந்தப் பழைய தண்டவாளத்தில் விளக்குக் கிடையாது என்பதால் மாலை ஆறரைக்கு மேல் ஒரு பெட்டிகூட ஓடாது. வாண்டு அதில் ஏறுவதென்றால் அன்றைக்கு ஏறினால்தான் உண்டு.

அறுபது நாளுக்கு முன்னால் காலை ஆறு மணிக்கு முன்பதிவு திறக்கும். இவர் ஐந்து மணிக்கே குளித்து, தலை சீவி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் இவர் தலையைப் பார்க்கப் போவதில்லை என்று சொன்னால் கேட்கவா போகிறார். ஐந்தே முக்காலுக்கு வாண்டை எழுப்பி, தூக்கக் கலக்கத்தோடு கதவில் நிறுத்தி அளந்தார். நூற்று இருபத்தொன்பதரை. "இன்னும் ரெண்டு மாசம் இருக்கே, வளர்ந்துருவா" என்றேன். ஆறு அடித்ததும் பதிந்தார். மூன்று பேர், மூன்றரையிலிருந்து நான்கு மணிக்குள். பத்து நிமிடத்தில் அந்த நாளின் இடம் எல்லாம் தீர்ந்துபோனதாம். அன்றைக்கு இவர் நடையே மாறியிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அளந்தபோது வாண்டு நூற்று முப்பதைத் தாண்டி ஒரு நூல் ஏறியிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்குப் பார்க் திறந்தபோது நாங்கள் வாசலில் இருந்தோம். மலைப்பாம்பின் முன்னால் இரண்டு பலகை. ஒன்று முன்பதிவு வரிசை. மற்றது சாதா வரிசை, பதிவு இல்லாதவர்கள் வந்து நின்று ஏறுவது. அதில் முப்பத்தைந்து நிமிடம் என்று எழுதியிருந்தது.

"என்னங்க, முப்பத்தஞ்சு நிமிஷம்தான். இப்பவே நின்னு ஏறிடலாம். மூன்றரைக்கு வேணும்னா இன்னொரு தடவை ஏறிக்கட்டும்."

"எதுக்கு? அதான் உறுதியா இடம் இருக்கே."

"இருக்கட்டுமே. நின்னா நகரும்."

"முப்பத்தஞ்சுன்னு போட்டு ஒண்ணரை மணி நேரம் ஆக்குவாங்க. வெயில்ல நின்னு இவளுக்கு மயக்கம் வந்தா? அப்புறம் மூன்றரைக்கும் ஏற முடியாது. கையில இருக்கறதைக் கெடுத்துக்காதே."

"கெடுக்கறதுக்கு என்ன இருக்கு இதுல? பத்து மணிக்கு ஏறிட்டா நாள் பூரா நிம்மதி."

"எனக்கு மூன்றரைதான் நிம்மதி."

மூன்றரையை ஏன் பிடித்தார் தெரியுமா? காலையில் போட்டால் பஸ் தாமதமாகலாம். மதியம் போட்டால் சாப்பிட்ட வயிறு புரட்டலாம். நாலரைக்கு மேல் போட்டால் மழை வரலாம். இப்படி ஒவ்வொரு மணியாகக் கழித்துக் கழித்து மிஞ்சிய மூன்றரை. அதை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் விடாமல் பேசினேன். வாண்டு எங்களுக்கு நடுவில் நின்று செருப்பு வாரை அவிழ்த்து மாட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில், "அப்பா சொன்னபடியே போலாம்மா" என்றாள்.

மூன்றரை வரைக்கும் இவரை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு. குட்டி போட்ட பூனை மாதிரி அரை மணிக்கொரு தடவை மலைப்பாம்பு வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஓடுகிறதா, நின்றுவிட்டதா, பலகையில் எதையாவது மாற்றிவிட்டார்களா என்று. சாதா வரிசைப் பலகை முப்பத்தைந்திலிருந்து எழுபதுக்கும், எழுபதிலிருந்து நூற்றுப் பத்துக்கும் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து அந்த எண்ணை என்னிடம் சொன்னார். நல்லவேளை நாம் அதில் நிற்கவில்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று இருபத்தெட்டுக்கு முன்பதிவு வாசலில் நின்றோம். இவர் கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் பதிவுத்தாள் இரண்டு பிரதி. போன் செத்துப்போனால் ஒரு பிரதி, அந்தப் பிரதி தொலைந்தால் இன்னொன்று. வாசலில் நின்ற பெண், காலையில் நுழைவாசலில் கட்டிவிட்ட எங்கள் மணிக்கட்டுப் பட்டைகளை ஒவ்வொன்றாக இயந்திரத்தில் காட்டச் சொன்னாள். இவருக்குப் பச்சை. எனக்குப் பச்சை. வாண்டுக்குச் சிவப்பு.

"இன்னொரு தடவை பாருங்கம்மா" என்றார். பார்த்தாள். சிவப்பு.

"உயரம் சரியா இருக்கா, அளந்து பாருங்க." கம்பில் நிறுத்தினாள். வாண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேல் குச்சி அவள் முடியை உரசி நின்றது. "உயரமெல்லாம் சரியாத்தான் இருக்கு சார். ஆனா பாப்பா பேர்ல சீட் விழலையே. கூட வந்து வெளிய நிக்கிறவங்கன்னுதான் காட்டுது."

இவர் உறையிலிருந்து தாளை உருவினார். கீழே பொடி எழுத்தில் இருந்தது: உயரம் நூற்று இருபத்தொன்பது, ஏற அனுமதி இல்லை, உடன் வருபவர். ஊர்க்காரர்களுடைய படிவங்களில் பொடி எழுத்தைப் படித்துச் சொல்கிறவர், இந்த அறுபது நாளும் தாளின் மேல்பாதியில் இருந்த மூன்றரை மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்களா போட்டீங்க?" என்றேன்.

"அன்னைக்கு அவ்வளவுதானே இருந்தா."

"நூத்தி இருபத்தொன்பதரை இருந்தாளே."

"அரைக்குக் கட்டம் இல்லை."

"அப்ப மேல ஏத்தி நூத்தி முப்பதுன்னு போட வேண்டியதுதானே."

"அது பொய்யாயிடும்ல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்பைப் பிடுங்கி இவர் தலையில் ஒன்று போட்டிருப்பேன். சாதாரணத் தலைவலியை அவசரம் என்று பொய் சொல்லி நேரம் வாங்குகிறவர்களைத் தினமும் பார்த்துப் பார்த்து, படிவத்தில் எதையும் கூட்டி எழுதக் கூடாது என்று பிடித்த பிடி. ஐம்பது நாள் கழித்துப் பதிந்திருந்தால் அவள் நூற்று முப்பது தொட்டிருப்பாள். ஆனால் பத்து நிமிடம் கழித்தே இடம் இருந்திருக்காது. இதில் யாரைப் போய்த் திட்டுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் திட்டினேன்.

அந்தப் பெண் வாக்கி டாக்கியில் மேலாளரைக் கேட்டுப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சங்கடமாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "சிஸ்டம்ல இடம் இல்ல சார், நான் என்ன பண்ண முடியும்? சாதா வரிசையில வேணா நில்லுங்க."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. தாளை மடித்து உறையில் வைத்து, வாண்டின் கையைப் பிடித்துக்கொண்டு சாதா வரிசையின் வாலைத் தேடி நடந்தார்.

பலகையில் நூற்றைம்பது நிமிடம். மணி மூன்று நாற்பது. கணக்குப்படி ஆறு பத்துக்கு ஏற வேண்டும். ஆறரைக்கு முடிகிறது. இருபது நிமிடம் கையில் இருந்தது.

கவுண்டர்காரி என்பதால் நின்ற இடத்திலிருந்தே எனக்குக் கணக்கு ஓட ஆரம்பித்தது. ஒரு பெட்டிக்கு இருபத்துநாலு இருக்கை. மூன்று நிமிடத்துக்கு ஒரு பெட்டி. இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் பச்சைத் தொப்பி போட்ட ஒரு ஆள் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். முன்பதிவிலிருந்து பதினெட்டுப் பேரை விட்டால் எங்களிலிருந்து ஆறு பேரை விட்டார். எங்களுக்கு முன்னால் சுமார் முந்நூறு தலை. இங்கே கூடையும் கிடையாது ஒன்றும் கிடையாது, வெறும் தலைதான். நின்றால் நகரும் என்பது உண்மைதான். ஆனால் எந்த மணிக்குள் என்று என் கட்சியில் யாரும் சொல்லி வைக்கவில்லை.

நான்கு மணிக்கு எங்கள் இரண்டு பச்சைப் பட்டையும் காலாவதியாகிவிட்டன. நீங்களாவது போய் ஏறிவிட்டு வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை, அவரும் என்னிடம் சொல்லவில்லை.

நாலரை இருக்கும். தொப்பிக்காரர் கையை வாயருகே குவித்துக் கத்தினார்: "தனியா ஏறுறவங்க யாராவது இருக்கீங்களா? ஒரே ஒரு சீட்." முன்பதிவில் மூன்று பேரும் ஐந்து பேருமாக வரும்போது சில சமயம் ஒரு இருக்கை மட்டும் மிஞ்சும். அதைக் காலியாக அனுப்பாமல், சாதா வரிசையில் எங்கே நின்றாலும் தனி ஆளைக் கூப்பிட்டு ஏற்றிக்கொள்வார்கள். ஒரு காலேஜ் பையன் கையைத் தூக்கிக்கொண்டு எல்லாரையும் தாண்டி ஓடினான்.

"என்னங்க, அடுத்த தடவை இவளை அனுப்பிடலாம்."

"தனியாவா? என்ன பேசுற நீ?"

"ரெண்டு நிமிஷம்தாங்க. பக்கத்துல யாராவது இருப்பாங்க."

"அந்த யாராவது யாருன்னு உனக்குத் தெரியுமா? நடுவுல பயந்துட்டா யாரு கையைப் பிடிப்பாங்க?"

அப்போது இவர் கையைத்தான் யாராவது பிடிக்க வேண்டியிருந்தது. நான் விடவில்லை. காலையில் நான் சொன்னதைக் கேட்டிருந்தால் என்று ஆரம்பித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி பேசுவதாக நினைத்துக்கொண்டு, இரண்டு பேரும் பேசினோம். பின்னால் இருந்தவர்கள் செல்போனைப் பார்ப்பது போல ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏற வேண்டியவள் எங்கள் நடுவில்தான் நின்றாள். உனக்கு எப்படிடா இருக்கு என்று அவளை ஒரு வார்த்தை கேட்க எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐந்து மணிக்கு மலைப்பாம்பு நின்றது. யாரோ மேலே போகும்போது செல்போனைத் தண்டவாளத்தில் தவறவிட்டுவிட்டார்களாம். ஒருவர் ஏணியில் ஏறி, தூண் தூணாகத் தேடினார். இவர் வாட்ச்சைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார். அது அவர் அப்பா கொடுத்த பழைய வாட்ச்; போனை நம்பாமல் அதையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இருபத்தைந்து நிமிடம் போயிற்று. கையில் இருந்த இருபதும் போய், மேற்கொண்டு ஐந்து நிமிடம் கடனில் நின்றோம்.

ஓட்டம் திரும்பவும் தொடங்கியபோது இன்னொரு தடவை தொப்பிக்காரர் கத்தினார். நான் இவரைப் பார்த்தேன். இவர் வாண்டின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பின்னாலிருந்து ஒரு மாமா போனார்.

"அப்பா, வலிக்குது" என்றாள் வாண்டு. அவர் பிடியைத் தளர்த்தினார், ஆனால் விடவில்லை.

ஆறு பத்து. எங்களுக்கு முன்னால் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒரு காவலாளி கையில் சிவப்பு நாடாவோடு வரிசைக்குள் வந்தார். ஒவ்வொரு தலையாகத் தொடாமல் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். முப்பத்தாறு, முப்பத்தேழு. எங்களுக்குப் பத்துப் பதினைந்து பேர் முன்னால் நின்றார். நாடாவை ஒரு கம்பியிலிருந்து எதிர்க்கம்பிக்கு இழுத்துக் கட்டினார்.

"இதுக்குப் பின்னாடி இருக்கிறவங்க மன்னிச்சுக்கணும். இன்னைக்கு அவ்வளவுதான்."

வரிசையில் ஒரு முனகல் எழுந்தது. சில பேர் சண்டைக்குப் போனார்கள். இவர் அசையவில்லை. ஷட்டர் இறங்கும்போது பெஞ்சில் இருப்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் நேரில் கண்டதில்லை. அன்றைக்குப் பார்த்தேன். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அழுகைதான் வந்தது.

"விடுங்க. வேற ஏதாவதுல ஏத்தலாம்" என்றேன்.

"வேற ஏதாவதா" என்றார்.

கூட்டம் கலையத் தொடங்கியது. நாங்கள் மட்டும் ஏனோ அங்கேயே நின்றோம். ஆறு இருபது இருக்கும். தொப்பிக்காரர் குரல் கேட்டது: "தனியா ஒருத்தர். ஒரு சீட்." நாடாவுக்கு முன்னால் நின்ற எல்லாரும் குடும்பமும் ஜோடியுமாக இருந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் தடவை கத்தினார். யாரும் அசையவில்லை.

"நான் வரேன்."

வாண்டு கையைத் தூக்கியிருந்தாள். இன்னொரு கை இவரிடம் இருந்தது. தொப்பிக்காரர் எட்டிப் பார்த்து, வா என்று சைகை காட்டினார். அவள் நாடாவுக்கு அடியில் குனிந்தாள். குனிந்தவளால் நகர முடியவில்லை.

"அப்பா, கையை விடுங்க."

"பயமா இருந்தா கண்ணை மூடிக்கோடா. கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட..."

"அப்பா. விடுங்க."

விட்டார். அவள் நாடாவுக்கு அந்தப்பக்கம் நிமிர்ந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். தொப்பிக்காரர் அவளைக் கம்பில் ஒரு நொடி நிறுத்தி, தலையைத் தட்டி உள்ளே விட்டார்.

நாங்கள் வெளிவாசல் வேலிக்கு ஓடினோம். பெட்டி சங்கிலியில் மாட்டிக்கொண்டு முதல் மேட்டில் மெதுவாக ஏறுவது அங்கிருந்து நன்றாகத் தெரியும். இவர் வாசலில் நின்ற ஊழியரிடம், "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். "ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட் சார்." பெட்டி நகர்ந்ததும் மணிக்கட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டார். பத்து, இருபது என்று உதடு அசைந்தது. சங்கிலி கடகடவென்று சத்தம் போட்டது. உள்ளே போன கோபம் எனக்குத் திரும்பவும் வந்துவிட்டது. பத்து மணிக்கே ஏற்றியிருந்தால் இப்படித் தனியாக அனுப்பியிருக்க வேண்டாமே என்றேன். அரை சென்டிமீட்டர் பொய் சொன்னால் உங்களைத் தூக்கிலா போடுவார்கள் என்றேன். இவர் காதில் வாங்கினாரா தெரியாது. எண்ணிக்கொண்டே இருந்தார். பெட்டி உச்சியைத் தாண்டி விழுந்தது. எல்லாரும் கத்தினார்கள். எந்தக் குரல் அவளுடையது என்று தெரியவில்லை.

"ரெண்டு பன்னிரண்டு" என்றார் இவர், பெட்டி வந்து நின்றதும். ரெண்டு செகண்ட் கூடுதலானதில் முகம் வெளுத்திருந்தது.

வாண்டு இறங்கி வந்தாள். முடி எல்லாம் பின்னால் பறந்து கலைந்திருந்தது. இவர் முட்டிபோட்டு உட்கார்ந்து அவளைத் தோளிலிருந்து கை வரை தடவிப் பார்த்தார்.

"பயந்துட்டியா?"

"முதல்ல கொஞ்சம். அப்புறம் இல்ல." கண் பளபளவென்று இருந்தது. "அப்பா, மேல ஏறும்போது நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சீங்க. நான் கையாட்டினேனே, பாத்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"பாத்தேன்டா."

அரை சென்டிமீட்டருக்குப் பொய் சொல்லாத மனுஷன். "ஆமாமா, பாத்தோம்" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

வாண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமாக எல்லாம் இல்லை.

"இல்லப்பா. நீங்க வாட்ச் பாத்துட்டு இருந்தீங்க. அம்மா உங்களைத் திட்டிட்டு இருந்தாங்க." காலில் கழன்ற செருப்பு வாரைக் குனிந்து மாட்டினாள். "பரவால்ல. வேலிக்கிட்ட ஒரு ஆன்ட்டி இருந்தாங்க. அவங்க திருப்பி ஆட்டினாங்க."

பஸ்ஸில் மூன்று இருக்கையும் சேர்ந்தாற்போல் பதிந்து வைத்திருந்தார். மூன்று பேரும் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து வந்தோம். வாண்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இது நடந்து நாலு மாசம் ஆகிறது. இவர் திருந்திவிட்டார் என்று சொன்னால் என் அண்ணனே நம்ப மாட்டான். போன வாரம்கூட அடுத்த வருஷத்துக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறார். ஒன்று மட்டும் புதிது. காலையில் வாண்டு பள்ளிக்கூட பஸ் ஏறும்போது இவர் தெருமுனை வரை போகிறார். பஸ் கிளம்பியதும் கையை உயரத் தூக்கி ஆட்டுகிறார். பஸ் திருப்பத்தில் மறையும் வரை இறக்குவதில்லை. அதனால் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு எட்டு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாராம். "எல்லாரும் பாக்குறாங்கப்பா, வராதீங்க" என்று வாண்டு திட்டுகிறாள். இவர் கேட்பதில்லை. நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில நாள் நானும் கையாட்டுகிறேன். அவள் பக்கத்துப் பெண்ணோடு பேசிக்கொண்டே போய்விடுகிறாள். இதுவரை ஒரு நாளும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.